பயிற்சியாளர் மாறினால் பருவம் மாறுமா?

மதுரையிலிருந்து தூத்துக்குடி சாலையில் தெற்கே இறங்கினால் முக்கால் மணி நேரத்துக்குள் காரியாபட்டி வந்துவிடும். சாலையின் இரு பக்கமும் சீமைக்கருவேலம். நடுநடுவே பாதி நிறைந்தாலே பெருமைப்பட்டுக்கொள்ளும் கண்மாய்கள். ஊரை ஒட்டிய புல்லூரில் ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது. சேது இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி. இந்தியப் பெண்கள் கால்பந்து லீக்கில் ஒருமுறை நாட்டிலேயே முதலாவதாக வந்த சேது எஃப்.சி. இந்தக் கல்லூரியின் நிழலில் 2016-இல் பிறந்த அணி. பத்திரிகைகள் 'மதுரை அணி' என்று எழுதிவிடுகின்றன. தாலுகா காரியாபட்டி, மாவட்டம் விருதுநகர். எங்கள் மாவட்டத்துக்குக் கிடைத்த ஒரே தேசியக் கால்பந்துப் பட்டத்தையும் மதுரைக்காரர்களுக்கு எழுதிவைப்பது கொஞ்சம் அதிகம்.

இந்த அணியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பருவத்துக்கு முன்பு ஒரே கேள்விதான் எழுகிறது: இந்தத் தடவை கோச் யார்? புதியவர் வந்தால் நம்பிக்கை, பழையவர் போனால் கவலை. 'இவர் வந்தாச்சு, இனி பாருங்க' என்று ஒரு கூட்டம்; 'அவர் இருந்தப்ப எப்படி ஆடினாங்க' என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்தான் அணியின் தலையெழுத்து. அந்த நம்பிக்கைக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்று நிறுத்துப் பார்க்காமல் சேதுவின் அடுத்த பருவத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

2019-இல் தொடங்குவோம். மே மாத வெயிலில் லூதியானாவில் நடந்த லீக். அப்போது லீக் என்பது பெயருக்குத்தான். எல்லா அணிகளையும் ஒரே ஊரில் கூட்டிவைத்துச் சில வாரங்களில் ஆடி முடிக்கும் போட்டி. இறுதியாட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை சேது 3-1 என்று வென்றது. எதிரணியில் இருந்தவர் பாலா தேவி. சில மாதங்களில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணிக்கு ஆடப் போனவர். அப்படிப்பட்ட ஒருவரை வைத்திருந்த அணியை ஒரு கல்லூரியின் பெயர் தாங்கிய அணி வீழ்த்தியது. அன்றைய சேதுவில் யார் இருந்தார்கள்? மணிப்பூரிலிருந்து ரத்தன்பாலா தேவி, டாங்மெய் கிரேஸ். நேபாளத்திலிருந்து சபித்ரா பண்டாரி; பின்னாளில் பிரான்சின் கேங்காம்ப் அணிவரை போனவர். நம் பக்கத்துப் பெண்களும் இருந்தார்கள். ஆனால் அணியின் முதுகெலும்பு இமயமலையின் அடிவாரத்திலிருந்து வந்தது.

அடுத்த பருவத்தில் சேது அரையிறுதியில் கோகுலம் கேரளாவிடம் தோற்று வெளியேறியது. பட்டத்தைத் தக்கவைக்கவில்லை என்பதால் விமர்சனங்கள் வந்தன. அது பெரிய விஷயமல்ல. மூன்று நாள் கழித்து நடந்த இறுதியாட்டத்தைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் விஷயம் புரிந்திருக்கும். 2020 பிப்ரவரி 14, பெங்களூர். கோகுலமும் மணிப்பூரின் கிரிஃப்ஸாவும் மோதின. கோகுலம் இரண்டு கோல் முன்னே போனது. கிரிஃப்ஸா ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது. கோல் போட்டவர் டாங்மெய் கிரேஸ். 72-ஆவது நிமிடத்தில் சமன். போட்டவர் ரத்தன்பாலா தேவி. ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது கோகுலத்துக்கு வெற்றி கோல். போட்டவர் சபித்ரா பண்டாரி. 3-2.

கடைசி மூன்று கோலையும் போட்ட மூவரும் முந்தைய ஆண்டு சேதுவின் சட்டையில் பட்டம் வென்றவர்கள். சேதுவோ ஆட்டத்தில் இல்லை. இந்திய விளையாட்டில் இதைவிடத் தெளிவான சான்று ஒன்றை நான் பார்த்ததில்லை. பட்டம் யாரிடம் இருந்தது என்று கேட்டால் கோப்பை காரியாபட்டியில், அதை வென்ற கால்கள் வேறு இரண்டு ஊர்களில் என்றுதான் பதில் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு சேதுவின் பெஞ்சில் உலகத்திலேயே சிறந்த பயிற்சியாளரை உட்காரவைத்திருந்தாலும் அவர் என்ன செய்திருப்பார்? கறி, மசாலா எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சமையல்காரரை மட்டும் மாற்றியதுபோல்தான் இருந்திருக்கும்.

ஆனால் ஒரே ஓர் ஆட்டத்தை வைத்து ஒரு கருத்தை நிறுவிவிடக் கூடாது. எதிர்த்தரப்பின் சான்று வலுவானது. அதையும் முழுசாக வைக்கிறேன்.

2021-22 பருவம் ஒடிசாவில் நடந்தது. பன்னிரண்டு அணி, ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஒரு தடவை. சேதுவின் பயிற்சியாளர் கிறிஸ்பின் சேத்ரி. பத்து ஆட்டம் முடிந்தபோது சேதுவுக்கு 30 புள்ளி, பத்திலும் வெற்றி. கோகுலத்துக்கும் அதே 30. கடைசி ஆட்டம் இவ்விரண்டுக்கும்தான், மே 26, புவனேஸ்வரின் கலிங்கா விளையாட்டரங்கில். மூன்றாவது நிமிடத்திலேயே ரேணு ராணி அடித்த கோலில் சேது முந்தியது. பிறகு கோகுலம் மூன்று கோல் போட்டது: ஆஷாலதா தேவி, கானாவின் எல்ஷடாய் அச்சாம்போங், மனிஷா கல்யாண். 3-1. முந்தைய பட்ட அணியின் நட்சத்திரங்கள் இல்லாமல் ஓர் அணியைத் திரட்டி, கடைசி நாள்வரை பட்டத்துக்கு எட்டும் தூரத்தில் வைத்திருந்தது சேத்ரியின் வேலை. இதை மறுக்க எனக்கு மனமில்லை.

அதோடு முடியவில்லை. அவர் பின்னர் ஒடிசா எஃப்.சி.க்குப் போனார். 2023-24 பருவத்தில் ஒடிசா முதன்முறையாகப் பட்டம் வென்றது. பிறகு இந்தியப் பெண்கள் அணியே அவர் கைக்கு வந்தது. 2025 ஜூலை 5 அன்று சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என்று தோற்கடித்து, தகுதிச் சுற்று ஆடி இந்தியா முதன்முறையாக ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது. சேதுவின் பெஞ்சில் ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்தவரின் கணக்கு இது. இன்னொருவர் அந்தோணி ஆண்ட்ரூஸ். கோகுலத்துடன் 2022, 2023 இரண்டு பட்டம். அங்கிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். 2024-25 பட்டம் ஈஸ்ட் பெங்காலுக்கு. போன இடமெல்லாம் கோப்பை. பயிற்சியாளர் ஒன்றுமே இல்லை என்று சொல்பவர் இந்த இருவருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

பதில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் அது நேரான பதில் இல்லை. இருவரும் போன பின்பு அவர்கள் விட்டுச்சென்ற இடங்களைப் போய்ப் பார்க்க வேண்டும்.

ஆண்ட்ரூஸ் போன பிறகு கோகுலம் என்ன ஆனது?  2024-25-இல் இரண்டாமிடம். மூன்று பட்டம் வென்ற ஒரு கிளப், பயிற்சியாளரை இழந்தும் பட்டத்துக்கு ஒரு படி கீழே நின்றது, அவ்வளவுதான். கோல் போடும் ஆப்பிரிக்க முன்கள வீராங்கனைகளைத் தேடிப் பிடிக்கும் கண் கோகுலத்துக்கு இருக்கிறது. அது பயிற்சியாளரோடு ரயில் ஏறிப் போகவில்லை. ஒடிசாவைப் பாருங்கள். பட்டம் வென்ற அணியில் பாலா தேவி, மியான்மரின் வின் தெய்ங்கி துன், நம் கடலூர் இந்துமதி கதிரேசன் எல்லாரும் இருந்தார்கள். அடுத்த பருவத்திலேயே நடப்புச் சாம்பியன் முதல் பிரிவிலிருந்து கீழே இறங்கியது. ஒரே ஆண்டில் மாடியிலிருந்து வாசலுக்கு.

இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்குக் கிடைக்கும் அளவுகோல் இது. இந்த லீக்கில் ஒரு நல்ல பயிற்சியாளரின் பெறுமதி ஒரு படி. இரண்டாமிடத்தை முதலிடமாக்குவார், ஐந்தாமிடத்தை நான்காக்குவார். ஆட்டக்காரிகளின் பெறுமதி ஐந்தாறு படி. முதலிடத்தில் இருப்பதும் கீழ்ப் பிரிவுக்கு இறங்குவதும் அவர்கள் கையில், இன்னும் சரியாகச் சொன்னால் அவர்களோடு போடும் ஒப்பந்தத்தின் கால அளவில், இருக்கிறது.

இது இந்தியாவின் தனிக் குறை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். டச்சு நாட்டின் முதல் பிரிவு ஆண்கள் கால்பந்தில் 1986 முதல் 2004 வரை நடந்த பயிற்சியாளர் மாற்றங்களைப் பொருளாதார ஆய்வாளர் பாஸ் டெர் வீல் எடுத்து ஆராய்ந்தார். தொடர்ந்து தோற்கும் அணி பயிற்சியாளரை மாற்றுகிறது. பிறகு ஆட்டம் தேறுகிறது. ஆனால் அதே அளவு தோற்றும் பயிற்சியாளரை மாற்றாத அணிகளும் ஏறக்குறைய அப்படியே தேறியிருந்தன. காய்ச்சல் தானாக இறங்கும் நாளில் மாத்திரை கொடுத்தவருக்குப் பேர் கிடைப்பதுபோல.

கல்லூரி அணி, புதிய தலைமைப் பயிற்சியாளர் என்றால் அமெரிக்காவைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர்கள் 'ஃபுட்பால்' என்பது கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் வேறோர் ஆட்டம் என்றாலும் கேள்வி ஒன்றுதான். கொலராடோ பல்கலைக்கழக அணி 2022-இல் பன்னிரண்டு ஆட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் வென்றது. அடுத்த ஆண்டுக்குப் பழைய நட்சத்திரம் டியோன் சாண்டர்ஸைத் தலைமைப் பயிற்சியாளராக வைத்தார்கள். நாடே பேசியது. அவர் செய்த முதல் வேலை பழைய ஆட்டக்காரர்களில் பெரும்பாலோரை அனுப்பிவிட்டு, கல்லூரி மாற அனுமதிக்கும் புதிய விதியைப் பயன்படுத்தி வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தது. 2023-இல் நான்கு வெற்றி, எட்டுத் தோல்வி. 2024-இல் ஒன்பது வெற்றி, நான்கு தோல்வி. அவருடைய சொந்த மகனும், அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் விருதான ஹைஸ்மன் கோப்பையை வென்ற டிராவிஸ் ஹண்டரும் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார்கள். 2025-இல் அதே பயிற்சியாளர், அதே மைதானம், மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. கோடிக்கணக்கான டாலர் புரளும் இடத்திலேயே நிலைமை இதுதான்.

ஒரு நியாயமான ஆட்சேபம் பாக்கி இருக்கிறது. பழைய சேது சான்றுகள் எல்லாம் ஒரே ஊரில் கூடி ஆடிய காலத்தவை. இரண்டு மூன்று நாளுக்கு ஓர் ஆட்டம் என்று ஆடும்போது பயிற்சியாளரால் என்ன செய்துவிட முடியும்? யாருக்கு ஓய்வு, யாரை இரண்டாம் பாதியில் இறக்குவது, கார்னருக்கு யார் நிற்பது, அவ்வளவுதான். 2023-24 பருவத்தில்தான் முதன்முறையாக உள்ளூர்-வெளியூர் முறை வந்தது. ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் இடையே நாள் கிடைக்கும்போது தவறைத் திருத்தலாம், தடுப்பு வரிசையை மாற்றிக் கட்டலாம், எதிரணியின் காணொளியை உட்கார்ந்து பார்க்கலாம். ஆகவே பயிற்சியாளரின் பெறுமதி கூடியிருக்க வேண்டுமே என்று கேட்கலாம். கூடியிருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் ஒடிசா கீழே விழுந்ததும் இதே புதிய முறையில்தான். நாள் அதிகம் கிடைத்தால் திருத்தலாம். திருத்துவதற்கு ஆட்கள் வேண்டும். நீண்ட லீக்கில் காயம் அதிகம், களைப்பு அதிகம், பெஞ்சின் ஆழம் தேவை. பதினொரு நல்ல ஆட்டக்காரிகளோடு லூதியானாவில் பட்டம் வெல்லலாம். மாதக்கணக்கில் நீளும் லீக்கில் பதினெட்டாவது ஆட்டக்காரி எப்படி என்று பார்ப்பார்கள்.

இப்போது சேதுவின் பக்கம் வருகிறேன். குறை சொல்லிக்கொண்டே வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த லீக்கின் முதல் இரண்டு பட்டங்களையும் மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியனும் ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடன்ட்ஸ் கிளப்பும் வென்றன. 2023-24-இல் ஏழு அணிகளோடு உள்ளூர்-வெளியூர் லீக் தொடங்கியபோது அந்த இரண்டும் அங்கே இல்லை. சேது இருந்தது. 2017-18 முதல் நடந்த எந்தப் பருவத்தையும் விடாமல் ஆடிய அணி இது. பெரிய கிளப்புகளுக்கு ஆண்கள் அணி இருக்கிறது, விளம்பரதாரர் இருக்கிறார்கள், நூறு வருடப் பேர் இருக்கிறது. இந்த அணிக்குப் பின்னால் இருப்பது காரியாபட்டிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் பிடிவாதம். பெண்கள் கால்பந்தில் பிடிவாதம் மலிவான சரக்கல்ல.

எங்கள் மாவட்டத்தில் அந்தப் பிடிவாதத்தின் விலை இன்னும் கூடுதல். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டில் மாநிலத்தின் முன்வரிசையில் நிற்பது விருதுநகரின் பழக்கம். அந்தப் பெருமையின் மறுபக்கத்தை இங்கே படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பெண்பிள்ளைகளுக்கு முன்னால் இருக்கும் வழிகள் படிப்பு, இல்லையென்றால் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு. மைதானம் அந்தப் பட்டியலில் வருவதற்கே வீட்டில் ஒரு பெரிய சண்டை நடந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கல்லூரி பெண்களின் பந்தாட்டத்துக்குக் காசு போடுகிறது என்றால், அதைத் தோல்வி வெற்றிக் கணக்கில் மட்டும் எடைபோடுவது நியாயமாகாது.

ஆனால் திறனாய்வு என்று உட்கார்ந்துவிட்டால் பிடிவாதத்துக்கு மட்டும் மார்க் போட முடியாது. சேதுவின் குறை பயிற்சியாளர் இல்லை, பணம்கூட இல்லை. காலக் கணக்கு. நான் சிவகாசிக்காரன் என்பதால் இது எனக்குச் சட்டென்று பிடிபடுகிறது. வெளியூர்க்காரர்கள் பட்டாசு என்றால் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாத வேலை என்று நினைக்கிறார்கள். தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் பூஜை போட்டு ஆலைகளைத் திறந்துவிடுவார்கள். ஆடிப்பெருக்கன்று கடைகளில் பூஜை போட்டு விற்பனை தொடங்கும்போது பாதிக்கு மேல் சரக்கு ஏற்கெனவே தயாராகியிருக்கும். ஒரு நாள் வெடிப்பதற்கு வருடம் முழுக்க உழைப்பு. மழைக்காலத்தில் மருந்து காயாது, கடும் கோடையில் உராய்வுக்கு அஞ்சி வேலையைக் குறைக்க வேண்டும். அதையும் கணக்கில் வைத்துத்தான் திட்டம் போடுகிறார்கள். இந்தப் பக்கத்தின் ஓர் அணி, லீக் அறிவிப்பு வந்த பிறகு ஆட்களைத் திரட்டும் பழக்கத்தில் இருந்தால் அதைப் பார்க்க ஒரு பட்டாசுக்காரனுக்குக் கஷ்டமாக இருக்காதா?

எல்லாத் தவறும் அணியின் தலையில் இல்லை. லீக் எப்போது, எங்கே, எந்த முறையில் என்பது பல பருவங்களில் கடைசி நேரத்தில்தான் தெரிந்திருக்கிறது. எட்டு மாதம் ஆட்டமே இல்லாத ஓர் அணி முப்பது பேருக்குச் சம்பளம் கொடுத்து உட்காரவைக்க முடியாது. ஆகவே ஒப்பந்தம் பருவத்துக்கு மட்டும். பருவம் முடிந்ததும் நன்றாக ஆடியவர் வேறிடம் போகிறார். 2020 இறுதியாட்டம் இப்படித்தான் உருவானது. இந்த வட்டத்துக்குள் வரும் புதிய பயிற்சியாளர் முதல் நாள் முன்னால் நிற்கும் ஆட்டக்காரிகளில் பாதிப் பேரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். கடைசி நாளில் அதே பாதிப் பேருக்கு வழியனுப்புகிறார்.

இங்கேதான் கல்லூரி என்ற சொல் எனக்கு முக்கியமாகிறது. சாதாரண கிளப்பிடம் இல்லாத ஒன்று கல்லூரியிடம் இருக்கிறது: நான்கு வருடம். பதினேழு வயதில் ஒரு பெண்ணுக்குப் படிப்பும் விடுதியும் கொடுத்தால் இருபத்தொரு வயதுவரை அவள் அங்கே இருப்பாள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளும் உண்டு. லீக் தள்ளிப்போனாலும் கால்கள் துருப்பிடிக்காது. கிளப்பின் ஒப்பந்தம் ஆறு மாதம். பட்டப்படிப்பின் ஒப்பந்தம் எட்டு செமஸ்டர். கொலராடோவில் ஆட்டக்காரர்கள் கல்லூரி மாறும் கதவைத் திறந்து இந்தப் பலத்தை இழந்தார்கள். இங்கே அந்தக் கதவு இன்னும் அவ்வளவு அகலமாகத் திறக்கவில்லை.

நீண்ட காலம் ஒரே இடத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு கடலூரில் பயிற்சியாளர் மாரியப்பன் பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் பந்தாட வைத்தார். இந்திராகாந்தி அகாடமி அப்படித்தான் எழுந்தது. அவர் கிளப் கிளப்பாகப் போகவில்லை. ஊரிலேயே இருந்தார். அங்கிருந்து வந்தவர்தான் இந்துமதி கதிரேசன். பின்னாளில் தமிழ்நாடு போலீஸில் உதவி ஆய்வாளர். 2018-இல் மணிப்பூரைத் தோற்கடித்துத் தமிழ்நாடு முதன்முறையாகத் தேசியப் பட்டம் வென்றபோதும், 2023-இல் ஹரியானாவை வென்று மறுபடி வென்றபோதும் அந்தக் கடற்கரைப் பயிற்சியின் விளைச்சல் கண்ணுக்குத் தெரிந்தது. 'நல்ல கோச்' என்ற சொல்லுக்கு நான் தேடும் பொருள் அங்கே இருக்கிறது. அவர் எந்த ஆண்டு என்ன தந்திரம் வகுத்தார் என்று யாருக்கும் நினைவில்லை. யாரை உருவாக்கினார் என்று எல்லாருக்கும் தெரியும்.

சேதுவிடம் இதற்கான தொடக்கம் இல்லாமலில்லை. ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியச் சட்டை அணிந்த கேரளத்து மாளவிகா, சேதுவின் ஆட்டக்காரியாகவே அங்கே போனார். தாய்லாந்தை வென்ற அந்தப் பயணத்தில் சேதுவின் பழைய பயிற்சியாளர் பெஞ்சிலும் சேதுவின் ஆட்டக்காரி களத்திலும் இருந்தார்கள். காரியாபட்டி இந்திய அணிக்கு ஆட்களைத் தயார்செய்து கொடுக்கும் இடமாகிவிட்டது. தனக்கு வைத்துக்கொள்ளத்தான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

சரி, பருவத்தின் பலன் என்ன? சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். லீக் எந்த முறையில் நடந்தாலும், பெஞ்சில் யார் வந்து உட்கார்ந்தாலும், சேது பட்டம் வெல்லும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஈஸ்ட் பெங்காலும் கோகுலமும் ஆள் சேர்ப்பதில் ஒரு தலைமுறை முன்னே போய்விட்டன. அந்த இடைவெளி பயிற்சியாளரின் ஒரு படியால் மூடக்கூடியதல்ல. கீழே இறங்குமா? அதையும் எதிர்பார்க்கவில்லை. எத்தனை ஆட்கள் மாறினாலும் பிழைத்திருக்கத் தெரிந்த அணி இது. இளம் ஆட்டக்காரிகள் ஓடி ஓடி ஆடும் பழக்கம் அதன் ரத்தத்தில் இருக்கிறது. நடு வரிசை. புதிய பயிற்சியாளர் திறமைசாலி என்றால் நடு வரிசையின் மேல்பக்கம், இல்லையென்றால் கீழ்ப்பக்கம். இதற்கு மேல் ஆசை காட்டுபவர் விற்பனைக்காரர்.

ஆனால் அந்தப் பயிற்சியாளருக்கு மதிப்பெண் போட நான் புள்ளிப் பட்டியலைப் பார்க்கமாட்டேன். கோகுலத்திடம் 4-0 என்று தோற்றாரா என்பதும் எனக்கு இரண்டாம்பட்சம். கீழ்வரிசை அணிகளோடு ஆடும்போது கடைசி இருபது நிமிடத்தில் கோல் வாங்குகிறார்களா என்று பார்ப்பேன். அது உடல் தயாரிப்பின் கணக்கு, பயிற்சியாளரின் சொந்தக் கையெழுத்து. இருபது வயதுக்குக் கீழே உள்ள தமிழ்நாட்டுப் பெண்கள் பெஞ்சைத் துடைக்கிறார்களா, தொண்ணூறு நிமிடம் ஆடுகிறார்களா என்று பார்ப்பேன். கூலிக்கு வந்த வெளிநாட்டு முன்கள வீராங்கனைக்குக் காயம் என்றால் அணி கைகட்டி நிற்கிறதா, வேறு வழி வைத்திருக்கிறதா என்று பார்ப்பேன். இந்த மூன்றிலும் தேறிய ஒருவர் ஐந்தாமிடத்தில் முடித்தாலும் அவரை அனுப்பக் கூடாது. தேறாமல் மூன்றாமிடத்தில் முடித்தவரை அடுத்த நாளே அனுப்பலாம்.

கல்லூரி நிர்வாகத்திடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. புதிய பயிற்சியாளருக்கு மூன்று வருட ஒப்பந்தம் எழுதுங்கள். அதைவிட முக்கியமாக, முதல் பதினொருவரில் ஆறு பேருக்காவது இரண்டு வருடம் எழுதுங்கள். சேத்ரி போனது தடுக்க முடியாத விஷயம். திறமைக்கு மேலே இழுக்கும் கைகள் எப்போதும் உண்டு. கிரேஸும் ரத்தன்பாலாவும் சபித்ராவும் ஒரே வருடத்தில் போனது அப்படியல்ல.

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு அணிப் பட்டியல் வெளியாகும் அன்று பயிற்சியாளரின் பெயரைக் கடைசியாகத்தான் படிப்பேன். முதலில் பதினொரு பெயரையும் எடுத்து, போன வருடப் பட்டியலோடு வைத்து எண்ணுவேன். ஆறு பழைய பெயர் இருந்தால் இந்தக் கட்டுரையில் சொன்ன பலனைத் திருத்தி எழுதத் தயார். மூன்றோ நான்கோ இருந்தால் ஒரு வரியும் மாற்றமாட்டேன்.